ரூத் வண்டியின் பின் பிரேக்

கொக்கிலமேட்டுக் கரையில் இறங்கும் மீனைச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போக வரும் பிக்அப் வண்டிகளில் ஒன்றைப் பெண் ஓட்டுகிறாள். அவள் பெயர் ரூத். திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஒரு காலனியில் வீடு. அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ரூத் பத்தாவது முடித்ததும் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஒயர் கட்டும் வேலைக்குப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலைதான்.

வண்டி அவள் கணவன் பூபாலனுடையது. அவனுக்கு ஒரு நாள் திடீரென்று வலிப்பு வந்தது. கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தது. நல்லவேளையாக இரண்டு முறையும் அவன் வண்டியில் இல்லை. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விற்றுவிடலாம் என்றான் பூபாலன். ரூத் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனியிலிருந்து நின்றாள், ஓட்டக் கற்றுக்கொண்டாள், லைசன்ஸ் எடுத்தாள். பூபாலனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஏற்றி இறக்குவது அவன், ஓட்டுவது அவள் என்று ஆனது. ஆரம்பத்தில் கரையில் சிரித்தவர்கள் உண்டு. அவள் ரிவர்ஸ் எடுக்கிற நேர்த்தியைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மீன் வண்டிக்கு என்று ஒரு வியாதி உண்டு. ஐஸ் உருகி, மீனின் உப்புத் தண்ணீரோடு கலந்து, பலகை இடுக்கு வழியாகப் பின் சக்கரங்களின்மேல் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். தகரம் வைத்து மறித்துப் பார்த்தார்கள். ஒரே வருஷத்தில் தகரமே பொடிந்து உதிர்ந்தது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். பின்னால் பழைய மாதிரி டிரம். டிரம் என்பது மூடிய சட்டி. அதற்குள் இரண்டு லைனிங் கட்டைகள் விரிந்து சட்டியின் உள்சுவரை அழுத்தினால்தான் வண்டி நிற்கும். சட்டிக்குள் போன உப்புத் தண்ணீர் வெளியே வராது. உள்ளேயே கிடந்து எல்லாவற்றையும் அரிக்கும்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, முழு லோடு ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏரி நிரம்பிக் கலங்கல் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடியது. ரூத் அதை மெதுவாகக் கடந்து, வேகம் எடுத்து, அடுத்த வளைவில் திரும்பினாள். எதிரே ஒரு பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. இறங்கிய ஒரு பெண், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ரோட்டுக்கு வந்தாள்.

ரூத் பிரேக்கை மிதித்தாள். முன் சக்கரம் பிடித்தது. பின் சக்கரம் பிடிக்கவே இல்லை. பின்னால் இருந்த அத்தனை பாரமும் வண்டியை முன்னே தள்ளியது. வண்டியின் மூக்கு ஒரு பக்கமாக இழுத்தது. மறுபடி மிதித்தாள். பெடல் கீழே போய்விட்டது. அந்தப் பெண் அசையாமல் நின்றுவிட்டாள். ஓடுவதா, பின்வாங்குவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரூத் இடது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தாள். வண்டி மண் விளிம்பைத் தாண்டி நெல் வயலுக்குள் இறங்கி, சேற்றில் அச்சுவரை புதைந்து நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூபாலனின் நெற்றியில் மட்டும் ஒரு வீக்கம். ரூத் இறங்கி ரோட்டுக்கு ஏறி வந்தபோது அந்தப் பெண் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ரூத்தை ஒரு பார்வை பார்த்தாள். சின்னப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று ரூத் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறாள். 

டிராக்டர் வைத்து இழுத்து, வண்டியைச் செங்கல்பட்டு ராட்டினக்கிணற்றில் இருக்கும் தௌசிஃபின் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். தௌசிஃபுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசமாட்டான். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்தபோது, உள்ளேயிருந்து கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது. பிரேக் ஆயிலும் கசிந்திருந்தது. லைனிங் கட்டைகள் ஊறிப்போயிருந்தன. எத்தனை முறை மாற்றினாலும் கொஞ்ச நாளில் இதே தண்ணீர்தான் வரும் என்று அவன் சொன்னான்.

ரூத் குனிந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“முன் வீல்ல இன்னா கீதோ, அத்தையே பின்னாடியும் போட முடியாதா தம்பி?”

 தௌசிஃப் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். போடலாம், ஆனால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க்கைப் பொருத்தினால் மட்டும் முடிந்துவிடுகிற காரியம் இல்லை என்றான். டிஸ்க் வெளியே தெரிகிற இரும்புத் தகடு. கேலிபர் என்கிற இடுக்கி அதை இரண்டு பக்கமும் கவ்வும். தண்ணீர் பட்டாலும் சுழற்சியில் சிதறிப் போய்விடும். அதெல்லாம் சரி. ஆனால் பின்னால் அளவுக்கு மிஞ்சிப் பிடித்தால், லோடு இல்லாத நேரத்தில் பின் சக்கரம் நின்றுபோய் வண்டி சுற்றிவிடும். எவ்வளவு ஆயில் அழுத்தம் பின்னால் போக வேண்டும் என்பதைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். ஹேண்ட் பிரேக்கும் டிரம்மோடு போய்விடும். அதற்கும் வேறு வழி பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆர்டிஓ ஆபீஸில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். இல்லாமல் கை வைக்கமாட்டேன் என்றான்.

பூபாலனுக்கு இது பிடிக்கவில்லை. பதினைந்து வருஷம் அந்த வண்டியை ஓட்டியவன் அவன். கம்பெனிக்காரன் யோசிக்காமலா டிரம் வைத்தான் என்று கேட்டான்.

“கம்பெனிக்காரன் மீன் தண்ணில ஓட்டிப் பாத்தானா?” என்றாள் ரூத்.

அதோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. வீட்டிலும் பல நாள் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். அவள் தன் பாட்டுக்கு ஆபீஸுக்கு அலைந்து அனுமதி வாங்கினாள். கோயம்புத்தூரிலிருந்து சாமான் வந்தது. தௌசிஃப் அச்சைப் பிரித்து, டிஸ்க்கைப் பொருத்தி, கேலிபர் மாட்டி, குழாய்களில் இருந்த காற்றையெல்லாம் எடுத்து ஆயில் நிரப்பினான். கேலிபரிலேயே ஹேண்ட் பிரேக் கம்பியும் சேர்ந்து வரும் வகை அது. கம்பியை இழுத்தால் அதே கேலிபர் தகட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

முதல் ஓட்டத்திலேயே தௌசிஃப் பயந்தது நடந்தது. பைபாஸ் ஓரத்துச் சர்வீஸ் ரோட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, காலி வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி மிதிக்கச் சொன்னான். ரூத் மிதித்தாள். பின் சக்கரங்கள் கிறீச்சிட்டு நின்றன. வண்டியின் வால் வலது பக்கம் வீசி, பாதி வட்டம் அடித்து, வந்த திசையையே பார்த்து நின்றது. பக்கத்தில் இருந்த தௌசிஃப் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்திருந்தான். ரூத்தின் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. பிறகு அவன் பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டச் சொன்னான். மறுபடி குறைத்தான். மணல் மூட்டை ஏற்றி ஓட்டச் சொன்னான். லோடு இருக்கும்போது பின்னால் நன்றாகப் பிடித்து, காலியாக இருக்கும்போது மெதுவாகப் பிடிக்கும் அளவு ஒன்று அகப்பட்டபோது இருவரும் களைத்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் வண்டி நன்றாக ஓடியது. மழையிலும் மிதித்த இடத்தில் நின்றது. ரூத்துக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. பூபாலன் வாயைத் திறந்து நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் குறையும் சொல்லவில்லை.

கொக்கிலமேட்டில் ரோட்டிலிருந்து ஏலக்கூடத்துக்கு இறங்க ஒரு சிமென்ட் சரிவு உண்டு. வண்டிகள் ரிவர்ஸில் இறங்கி, வால் கடலைப் பார்க்க நிற்கும். முதலில் படகுகளுக்கான ஐஸை இறக்கிவிட்டு, பிறகு மீனை ஏற்றிக்கொள்வார்கள். ஏலத்தை நடத்துகிறவள் வேண்டா என்கிற நடுவயதுக்காரி. அவள் குரல் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். யார் வண்டி எங்கே நிற்கலாம் என்பதும் அவள் சொல்வதுதான்.

அன்று காலை ஐஸ் கம்பெனியில் தாமதமாகிவிட்டது. கடலோரமாகப் போகும் ஈசிஆரில் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடுப்பு, வளைந்து போகிற மாற்றுப்பாதை, எதிரே டிப்பர் லாரிகள். முழு லோடு ஐஸோடு மிதித்து மிதித்துத்தான் வந்தாள். கரைக்கு வந்து சரிவில் ரிவர்ஸில் இறங்கி நிறுத்தியபோது பின் சக்கரப் பக்கத்திலிருந்து சூடான இரும்பு வாசனை வந்தது. ஹேண்ட் பிரேக்கை முடிந்தவரை மேலே இழுத்தாள். வண்டி அசையவில்லை. இன்ஜினை அணைக்கவில்லை. ஷெட்டில் நின்றதிலிருந்து பேட்டரி கொஞ்சம் சோர்ந்திருந்தது, அணைத்தால் மறுபடி எடுக்குமோ எடுக்காதோ என்ற பயம். இன்ஜின் ஓடுவதால் கியரில் போடவும் முடியவில்லை. சக்கரத்துக்குக் கல் வைக்கும் பழக்கமும் புது பிரேக் வந்தபின் விட்டுப்போயிருந்தது. கதவைத் திறந்துபோட்டுவிட்டு, ஏலத்தைப் பார்க்க இறங்கிப் போனாள்.

பூபாலன் வண்டியின் பின்னால் நின்று ஐஸை இறக்கத் தொடங்கியிருந்தான். அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஏலக்கூடத்தின் கான்கிரீட் தூண். பலகை இடுக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் சூடான தகடுகளின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஆவி கிளம்பியது. பிறகு நின்றுவிட்டது.

வஞ்சிரத்துக்கு விலை கூவிக்கொண்டிருந்தாள் வேண்டா. ரூத் ஏதோ ஒரு யோசனையில் திரும்பிப் பார்த்தாள். பின் டயரில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோல் துணுக்கு மேலே இருந்தது. அடுத்த கணம் அது பக்கவாட்டில் இருந்தது. டயர் சுற்றுகிறது என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. சத்தமே இல்லை. அவ்வளவு மெதுவாக வண்டி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. பூபாலன் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, இறக்கிய ஐஸின்மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தான்.

அவள் கத்தினாளா என்பது அவளுக்கு நினைவில்லை. கத்தினாள் என்று வேண்டா சொல்கிறாள். கூடைகளைத் தாண்டி, ஈர சிமென்ட்டில் வழுக்கி, முட்டியில் அடிபட்டு எழுந்து ஓடினாள். வண்டி இப்போது நடக்கிற வேகத்துக்கு வந்திருந்தது. பூபாலன் நிமிர்ந்து திரும்பினான். பின்பலகை அவன் நெஞ்சுக்கு நேராக வந்துவிட்டது. நகர இடமில்லை. ஒரு பக்கம் ஐஸ் குவியல், மறுபக்கம் பெட்டிகள், பின்னால் தூண். இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளிப் பிடிக்கப் பார்த்தான். முழு லோடு வண்டியை மனிதன் பிடித்து நிறுத்த முடியுமா? கால்கள் சறுக்கிக்கொண்டே பின்னால் போயின. முதுகு தூணில் மோதியது.

ரூத் திறந்திருந்த கதவைப் பிடித்துத் தொங்கி, உள்ளே விழுந்தாள். உட்கார நேரமில்லை. படுத்த வாக்கில் கையாலேயே பிரேக் பெடலை அழுத்தினாள். உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தக் கைகளில் போட்டு அழுத்தினாள்.

வண்டி நின்றது.

பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கையை எடுத்தால் வண்டி நகரும். எடுக்காமல் அவளால் பார்க்கவும் முடியாது. சீட்டுக்குக் கீழே முகம் புதைந்த நிலையில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். ஆட்கள் ஓடிவரும் காலடி கேட்டது. யாரோ டயருக்குக் கல் வைக்கச் சொன்னார்கள். கல் உரசும் சத்தம் கேட்டது. அப்போதும் கையை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“உயிரோட கீறேன்,” என்று பூபாலனின் குரல் கேட்டது. “கீறேன் ரூத்து. கைய எடுத்துடாத.”

கல் வைத்து, கட்டை வைத்து, நாலு பேர் முட்டுக்கொடுத்த பிறகு அவனை இழுத்து எடுத்தார்கள். பின்பலகைக்கும் தூணுக்கும் இடையில் அவன் மார்பு நுழைகிற இடம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. விலா எலும்பு ஒன்றில் விரிசல் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூச்சு இழுத்தால் வலிக்கும், ஆறிவிடும் என்றார்கள். அவன் கட்டிலில் சாய்ந்திருக்க, ரூத் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிடிவாதமாகச் செய்தது அவள்தான். கல் வைக்காமல் இறங்கிப் போனதும் அவள்தான்.

தௌசிஃப் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தான். எப்படி நகர்ந்தது என்று அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐஸ் தண்ணீர் சொட்டி ஆவி வந்ததைச் சொன்னபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். சூட்டில் தகடு கொஞ்சம் தடித்திருக்கும். அந்த நேரத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கேலிபர் தடித்த தகட்டைத்தான் பிடிக்கும். ஆறியதும் தகடு சுருங்கிவிடும், பிடி தளர்ந்துவிடும். தண்ணீர் சொட்டியதால் சீக்கிரமே ஆறிவிட்டது. இதை யோசிக்காமல் விட்டுவிட்டேன் அக்கா என்று தலையைக் குனிந்துகொண்டான். பழையபடி டிரம்மையே மாட்டித் தந்துவிடுகிறேன் என்றான்.

கரையிலும் அதே பேச்சுதான். இனி இந்த வண்டி சரிவில் இறங்கக் கூடாது என்று வேண்டா சொல்லி அனுப்பிவிட்டாள். சரிவில் இறங்க முடியாத வண்டிக்குக் கரையில் வேலை இல்லை. மாட்டிவிடு தம்பி என்று சொல்லத்தான் ரூத் வாயெடுத்தாள்.

பூபாலன் கையைத் தூக்கி அவளை நிறுத்தினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினான்.

“முழு லோடு. ஈரச் சரிவு. நீ கையால அமுக்குன, நின்னுச்சி. பழைய டிரம்மா இருந்தா நிக்காது, நான் இப்ப பேசிக்கினு இருக்கமாட்டேன். தப்பு ஹேண்ட் பிரேக்குல. அத்த மட்டும் மாத்துங்க.”

ரூத் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தௌசிஃப் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

புது ஏற்பாட்டைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் காலம் ஆனது. அதுவரை வண்டி ஷெட்டிலேயே நின்றது. டிஸ்க்கின் நடுப்பகுதி கிண்ணம்போல் குழிவாக இருக்கும் ஒரு வகை உண்டு. அந்தக் குழிவுக்குள் இரண்டு சின்ன லைனிங் கட்டைகள். அவை ஹேண்ட் பிரேக்குக்கு மட்டும். ஓடும்போது பிடிப்பது டிஸ்க், நிற்கும்போது பிடிப்பது உள்ளே இருக்கும் சின்ன டிரம். கிண்ணம் ஆறிச் சுருங்கினால் உள்ளே விரிந்திருக்கும் கட்டைகளை இன்னும் இறுக்குமே தவிரத் தளராது. தௌசிஃப் இதை ஒரு காகிதத்தில் வரைந்து பூபாலனுக்குக் காட்டினான். பூபாலன் நெஞ்சில் கட்டோடு ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டும் முடுக்கப்படுவதைப் பார்த்தான். இரண்டு இடத்தில் மறுபடி முடுக்கச் சொன்னான். மாற்றியதை ஆபீஸில் மறுபடி காட்டினார்கள். அதிகாரி ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னார்.

ஆனால் கரையில் வேண்டாவும் சரி என்று சொன்னால்தான் ஆகும். அவள் அதிகாரியின் பேச்சை ஏற்கவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏலம் இல்லாத மதியத்தில், மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ரூத் ஈசிஆரில் ஓட்டினாள். வேண்டுமென்றே மிதித்து மிதித்து ஓட்டினாள். தகடு தொட முடியாத சூட்டுக்கு வந்ததும் கரைக்கு வந்து, சரிவில் ரிவர்ஸில் இறங்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கினாள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. ஓடினால் தடுக்கச் சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி இரண்டு பெரிய கற்கள் மட்டும். பூபாலன் டயரிலும் அதற்கு நேராகச் சிமென்ட்டிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டான். தௌசிஃப் குடத்தில் கடல் தண்ணீர் மொண்டு வந்து தகடுகளின்மேல் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

பிறகு காத்திருந்தார்கள். வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரூத் அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு தடவை அது நகர்ந்ததுபோல் தோன்றி அவள் உடம்பு தூக்கிப்போட்டது. நகரவில்லை, காகத்தின் நிழல்தான். இன்னொரு வண்டிக்காரரான கிருபாகரன் குனிந்து கோட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தார். தகட்டில் கை வைக்க முடிகிற அளவுக்குச் சூடு ஆறிய பிறகும் இரண்டு கோடுகளும் நேருக்கு நேராகவே இருந்தன. வேண்டா எழுந்து போய், இரண்டு ஆட்களை விட்டு வண்டியைப் பின்னால் தள்ளச் சொன்னாள். தள்ளினார்கள். அசையவில்லை.

“நாளைக்கு வந்துடு,” என்றாள் வேண்டா. “ஆனா கல்லு வெக்காம எறங்குனா நானே ஒதைப்பேன்.”

மறுநாள் காலை சரிவில் இறங்கியபோது ரூத் இன்ஜினை அணைத்தாள், கியரில் போட்டாள், கல் வைத்தாள். புது பேட்டரியும் போட்டிருந்தாள். பூபாலன் பின்னால் போகும்முன் வண்டியின் பக்கத்தில் கொஞ்சம் தயங்கி நின்றது கண்ணாடியில் தெரிந்தது. அவன் போய்ப் பின்பலகையைத் திறந்து ஐஸை இறக்க ஆரம்பித்தான்.

இப்போது கிருபாகரனின் வண்டியும் தௌசிஃபின் ஷெட்டில் நிற்கிறது. அவரோடு சேர்ந்து போய் ஆபீஸில் அனுமதி கேட்டவள் ரூத்தான். ஹேண்ட் பிரேக் எந்த வகை என்று முதலில் கேளுங்கள் என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் மட்டும் ஐஸ் இறக்கி முடியும்வரை கீழே இறங்குவதில்லை. சீட்டில் உட்கார்ந்து காலைப் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டிருக்கிறாள். தேவையில்லை என்று தௌசிஃப் பல முறை சொல்லிவிட்டான், கேட்கவில்லை. விலை கேட்பதும் அங்கிருந்தபடியே ஜன்னல் வழியாகத்தான். வேண்டா அந்தப் பக்கமாகத் திரும்பி, இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்திக் கூவுகிறாள்.